பகிரப்பட்ட தலைமைத்துவமும் வேலைத்தல நம்பிக்கையும்

1. அறிமுகம்

நிறுவனமொன்றின் குறிக்கோளை அடைவதற்காக ஏனையோரை விருப்பத்துடன் செயற்பட வைக்கும் ஆற்றலே தலைமைத்துவம் எனப்படும். இவ்வாற்றலும் முடிவெடுக்கும் அதிகாரமும் முகாமையாளர் ஒருவரிடம் மட்டும் தங்கியிராமல், வேலையைச் செய்யும் குழுவினரிடமும் பகிரப்பட்டிருப்பின் அது பகிரப்பட்ட தலைமைத்துவம் ஆகும்.

மாணவர்களே, இவ்விடத்தில் பலர் ஒரு தவறு விடுவதுண்டு. "எல்லோரும் தலைவர்கள், ஆகவே தலைவர் தேவையில்லை" என எழுதினால் புள்ளி கிடைக்காது. தலைவர் இருப்பார். ஆனால் ஒரு பிரச்சினையை மிக அருகிலிருந்து காண்பவருக்கு அதைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையும் இருக்கும். இந்த உரிமையைக் கொடுப்பதற்கும் பயன்படுத்துவதற்கும் இரு பக்கத்திலும் நம்பிக்கை வேண்டும். இதனைப் பின்வரும் உண்மைச் சம்பவத்தின் மூலம் விளங்கிக் கொள்ளலாம்.

2. உதாரணம்: பிறீமொண்ட் கார்த் தொழிற்சாலை

2.1 பழைய நிலை

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பிறீமொண்ட் எனும் நகரில் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனிக்கு ஒரு கார்த் தொழிற்சாலை இருந்தது. அங்கு முகாமைத்துவத்துக்கும் தொழிலாளர்களுக்கும் இடையே கடும் பகை நிலவியது. நாளொன்றில் தொழிலாளரில் ஏறக்குறைய 20 சதவீதத்தினர் வேலைக்கு வருவதில்லை. திடீர் வேலைநிறுத்தங்கள் இடம்பெற்றன. என்ன நடந்தாலும் வரிசையை நிறுத்தக் கூடாது என்பதே எழுதப்படாத சட்டமாக இருந்தது. குறையுள்ள கார் என்று தெரிந்தாலும் அது அடுத்தவரிடம் நகர்ந்து செல்லும். 1982இல் தொழிற்சாலை மூடப்பட்டது.

2.2 புதிய நிலை

1984இல் ஜெனரல் மோட்டர்ஸும் ஜப்பானின் டொயோட்டாவும் இணைந்து நும்மி எனும் கூட்டு நிறுவனமாக அதே தொழிற்சாலையை மீண்டும் திறந்தன. அன்றாட முகாமைத்துவம் டொயோட்டாவின் கையில் இருந்தது. தொழிற்சங்கமும் பழையதே. சேர்க்கப்பட்ட தொழிலாளரில் மிகப் பெரும்பாலானோர் முன்னர் அங்கு வேலை செய்தவர்களே. அவ்வாறிருந்தும் வேலைக்கு வராமை 3 அல்லது 4 சதவீதமாகக் குறைந்தது. கார்களின் தரம் அமெரிக்காவின் சிறந்த தொழிற்சாலைகளுக்கு ஈடாக உயர்ந்தது. எனவே குறை தொழிலாளரின் குணத்தில் அல்ல, வேலைத்தலப் பண்பாட்டிலேயே இருந்தது என்பது தெளிவாகின்றது.

2.3 செய்யப்பட்ட மாற்றங்கள்

அ. தொழிலாளர் சிறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குழுத் தலைவர் இருந்தார்.
ஆ. வேலையை எம்முறையில் செய்வது எனத் தீர்மானிப்பதில் குழுவினரும் பங்குபற்றினர்.
இ. முகாமையாளரும் தொழிலாளரும் ஒரே உணவுச்சாலையைப் பயன்படுத்தினர்.
ஈ. வரிசை நெடுகிலும் ஒரு கயிறு கட்டப்பட்டிருந்தது. குறையைக் காணும் எத்தொழிலாளியும் அதை இழுக்கலாம்.

கயிற்றை இழுத்தவுடன் சமிக்ஞை எழும். குழுத் தலைவர் ஓடி வருவார். இருவரும் சேர்ந்து உரிய நேரத்தில் குறையைத் தீர்த்தால் வரிசை தொடர்ந்து நகரும். தீராவிட்டால் வரிசை நின்றுவிடும். வரிசை நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் நட்டமே. அவ்வாறிருந்தும் அந்த அதிகாரம் சாதாரண தொழிலாளியின் கையில் கொடுக்கப்பட்டது. ஓடி வருபவர் "ஏன் நிறுத்தினாய்?" என்று ஏசினால் நாளை எவரும் கயிற்றைத் தொட மாட்டார்கள். "என்ன பிரச்சினை? எப்படி உதவலாம்?" என்று கேட்டால் நாளையும் இழுப்பார்கள். நம்பிக்கை உருவாவதும் உடைவதும் இந்தக் கணத்திலேயாகும்.

2.4 நம்பிக்கைக்கு வந்த சோதனை

வேலையை எளிதாக்க யோசனை சொன்னால் ஆட்கள் மிஞ்சி, தமது வேலையே போய்விடும் என்று தொழிலாளர் அஞ்சுவது இயல்பு. ஆகவே நிறுவனத்தின் இருப்புக்கே ஆபத்து வந்தாலன்றி ஆட்குறைப்புச் செய்வதில்லை என ஒப்பந்தத்தில் வாக்களிக்கப்பட்டது. 1987, 1988ஆம் ஆண்டுகளில் விற்பனை குறைந்து, தொழிற்சாலை அதன் கொள்ளளவில் 60 சதவீதத்துக்கும் குறைவாகவே இயங்கியது. அப்போதும் எவரும் நீக்கப்படவில்லை. மேலதிகமானோர் பயிற்சிக்கும் வேலைமுறைகளைச் சீர்திருத்தும் பணிக்கும் அனுப்பப்பட்டனர். இதன் பின்னர் முகாமைத்துவத்தின் சொல்லைத் தொழிலாளர் நம்புவதற்குக் காரணம் இருந்தது.

3. மட்டுப்பாடுகள்

அ. வேலையின் வேகம் மிகக் கடுமையானது எனத் தொழிற்சங்கத்தினரில் ஒரு சாரார் விமர்சித்தனர்.
ஆ. ஜெனரல் மோட்டர்ஸ் தனது ஏனைய தொழிற்சாலைகளுக்கு இம்முறையைக் கொண்டு செல்ல நீண்டகாலம் சிரமப்பட்டது. கயிற்றைக் கட்டுவது இலகு. மேலதிகாரியின் மனப்பாங்கை மாற்றுவது கடினம்.
இ. 2009இல் ஜெனரல் மோட்டர்ஸ் விலகியது. 2010 ஏப்ரலில் உற்பத்தி நிறுத்தப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். அந்த முடிவை எடுத்தவர்கள் உரிமையாளர்களே. தலைமைத்துவம் பகிரப்பட்டாலும் உரிமை பகிரப்படவில்லை என்பதை மறக்கலாகாது.

4. மாதிரி வினா

ஆடைத் தொழிற்சாலையொன்றில் தையல் பிழையைக் கண்ட ஊழியை ஒருவர் வேலையை நிறுத்தி அறிவித்தார். மேற்பார்வையாளர் எல்லோர் முன்னிலையிலும் அவரை ஏசி, தொடர்ந்து தைக்குமாறு கட்டளையிட்டார்.

(i) இங்கு காணப்படும் தலைமைத்துவ வகை யாது?
(ii) இதனால் நிறுவனத்துக்கு ஏற்படக்கூடிய பாதிப்புகள் இரண்டு தருக.
(iii) நீர் மேற்பார்வையாளராயின் எவ்வாறு செயற்படுவீர்?

விடைக் குறிப்பு:

(i) எதேச்சாதிகாரத் தலைமைத்துவம்.
(ii) பிழையான ஆடைகள் தொடர்ந்து உற்பத்தியாகித் திருத்தச் செலவு அதிகரித்தல். ஏனைய ஊழியரும் குறைகளை மறைக்கப் பழகுதல். இரண்டாவது பாதிப்பு உடனே கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அதுவே பாரதூரமானது எனக் காரணத்துடன் எழுதுக.
(iii) அறிவித்தமைக்கு நன்றி கூறல், பிழையின் காரணத்தை அவருடன் சேர்ந்து ஆராய்தல், தீர்வைக் குழுவினர் அனைவருக்கும் தெரியப்படுத்தல்.

பரீட்சைக் குறிப்பு: "நம்பிக்கை அவசியம்" என்று மட்டும் எழுதி நிறுத்த வேண்டாம். தவறொன்று வெளிவரும்போது மேலதிகாரி என்ன செய்கிறார் என்பதை எடுத்துக்காட்டி எழுதுக. நம்பிக்கை அளக்கப்படுவது அங்கேதான்.