வெள்ளம் வடிந்த பிறகு

வெள்ளம் வடிந்ததும் ஆபத்து நீங்கிவிட்டதாக நாம் எண்ணுகிறோம். குழந்தைகளுக்கோ அப்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. குடிநீர் கெட்டு வயிற்றுப்போக்கு பரவும். சின்னஞ்சிறு உடலிலுள்ள நீர் சில மணி நேரத்திலேயே வற்றிவிடும்.

இதற்கு எளிய மருந்து ஒன்று உண்டு. அதன் அருமையை உலகுக்குக் காட்டியது ஓர் அகதி முகாம். 1971-ஆம் ஆண்டில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து போருக்குத் தப்பி வந்தவர்கள் மேற்கு வங்காள எல்லையிலுள்ள போன்காவ்னில் குவிந்தனர். காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோயிற்று. மருத்துவர் திலீப் மகாலனபிஸ் என்ன செய்தார்? குளுக்கோஸ், சமையல் உப்பு, சோடா உப்பு மூன்றையும் நீரில் கரைத்துப் பீப்பாய்களில் வைத்து, நோயாளிகளின் உறவினரையே புகட்டச் செய்தார். 100-க்கு 30 பேர் வரை மாண்ட இடத்தில் அவ்வெண்ணிக்கை 4-க்கும் கீழே இறங்கியது. சர்க்கரை குடலிலிருந்து உடலுக்குள் செல்லும்போது உப்பையும் உடன் அழைத்துச் செல்கிறது. உப்பின் பின்னே நீரும் செல்கிறது. இவ்வளவுதான் இதன் இரகசியம்!

உப்பு சர்க்கரைப் பொட்டலம் கிடைக்காவிட்டால், கொதித்தாறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். நாங்கள் வகுப்பில் கலந்து பார்த்தபோது முதல் கரைசலை வாயில் வைக்க முடியவில்லை. ஒருத்தி உப்பை இரண்டு மடங்காகப் போட்டுவிட்டாள். சிரித்தோம். உப்பு மிகுந்தால் கைக்குழந்தையின் உயிருக்கே கேடு என்று படித்ததும் சிரிப்பு நின்றது. கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. புகட்டுமுன் நாமே சுவைத்துப் பார்த்தல் வேண்டும்.

பேதியின்போது தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று எங்கள் பாட்டிமார் சொல்வதுண்டு. அது தவறு. தாய்ப்பாலையும் நிறுத்தலாகாது. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, மீண்டும் கரண்டி கரண்டியாகக் கொடுக்கலாம். கண் குழிந்து, அழுதாலும் கண்ணீர் வராமல் குழந்தை துவண்டு கிடந்தால் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். குடிக்க முடிந்தால் வழியிலும் புகட்டிக்கொண்டே போகலாம்.