63 மீட்டர் குகைக்கு இரண்டு நாள்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கர்னூல் சீமையின் எர்ரமலையில் ஒரு சின்னக் குகையை இரண்டு நாள் அளந்தோம் என்று நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, “63 மீட்டர்தானே, எங்கள் தெரு இதைவிட நீளம். போனில் வீடியோ எடுத்துக்கொண்டு வந்தால் ஆகாதா?” என்று கேட்டிருந்தீர்கள். கோடை விடுமுறையில் மகனையும் அவன் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போகப்போவதாகவும் எழுதியிருந்தீர்கள். இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

உங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்தே தொடங்கலாம். அடுப்பு மேடையிலோ அலமாரித் தட்டிலோ கடப்பா கல் இருக்கும். எலுமிச்சம்பழம் பிழிந்த மூடியை அதன் மேல் கவிழ்த்துவைத்து, மறந்து தூங்கிப்போயிருப்பீர்கள். காலையில் எடுத்தால் கறுப்புக் கல்லில் வட்டமாக ஒரு வெளிறிய தடம். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஏனென்றால் அது கறை இல்லை, புளிப்பு கல்லையே தின்றிருக்கிறது. கடப்பா கல் சுண்ணாம்புக்கல். கடப்பை மாவட்டத்து நர்ஜி என்ற ஊரின் பெயரால் புவியியலாளர்கள் நர்ஜி சுண்ணாம்புக்கல் என்று சொல்லும் படிவம் கர்னூல் சீமை வரை பரந்து கிடக்கிறது. அங்கே எலுமிச்சையின் வேலையை மழை செய்கிறது. மண்ணில் இறங்கும் தண்ணீர், வேர்களும் மக்கும் சருகும் விடுகிற கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு, சோடாத் தண்ணீர் போல லேசான புளிப்பேறி, கல்லின் விரிசல்களில் புகுகிறது. ஒரு இரவில் உங்கள் மேடையில் நடந்தது அங்கே பல்லாயிரம் ஆண்டு நடந்தால் ஆள் நுழையும் வழி உண்டாகிவிடும்.

நாங்கள் போன குகையின் வாய், ஒரு குறுகிய மலையிடுக்கின் தென்கிழக்குச் சுவரில், ஓடைத் தரையிலிருந்து ஒன்பது மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓடை ஜனவரியிலேயே வற்றிவிட்டது. வழி காட்டிய ஆடு மேய்க்கும் பெரியவரைத் தாத்தா என்றுதான் கூப்பிட்டோம். அந்தச் சொல் தெலுங்குக்கும் நமக்கும் பொது. “உள்ளே ஒன்றுமில்லை, வௌவால்தான்” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். எங்கள் டேப்பைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அந்தப் பக்கத்தில் டேப்போடு வருகிறவர்கள் குவாரிக்காரர்கள். அளக்க வந்த நாங்கள் கல் எடுக்க வரவில்லை என்று அவரை நம்பவைக்க அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரம் சரியாகவே செலவானது என்று நினைக்கிறேன்.

குகையை அளப்பது எப்படி என்று கேட்டீர்கள் அல்லவா? நம் ஊரில் நிலம் அளக்க வரும் சர்வேயருக்குப் புலப்படம் உண்டு, அளவுக்கல் உண்டு, தூரத்துக் கோயில் கோபுரமாவது கண்ணுக்குத் தெரியும். குகைக்குள் அது எதுவும் கிடையாது. அடுத்த வளைவு வரை எட்டும் விளக்கு வெளிச்சம் மட்டும்தான். அதனால் குகையைத் துண்டு துண்டாக அளக்கிறோம். வாசலில் ஒரு புள்ளி; அங்கிருந்து பார்க்க முடிகிற கடைசி இடத்தில் அடுத்த புள்ளி. இரண்டுக்கும் நடுவே மூன்று எண்கள்: டேப் சொல்லும் தூரம், காம்பஸ் சொல்லும் திசை, சாய்வுமானி சொல்லும் ஏற்றம் அல்லது இறக்கம். நான்காவது புள்ளியிலிருந்து ஐந்தாவதுக்கு எங்கள் டேப் 5.80 மீட்டர் காட்டியது, சாய்வு கீழ்நோக்கி 22 டிகிரி. கணக்குப் போட்டால் படத்தில் அது 5.38 மீட்டர்தான் நகர்கிறது, 2.17 மீட்டர் இறங்குகிறது. இப்படி 19 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் இடச்சுவர், வலச்சுவர், கூரை, தரை எவ்வளவு தள்ளி என்பதும் வேண்டும். இத்தனையையும் குறித்துக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து சுவரின் வளைவைப் பென்சிலால் வரைகிறவர்தான் குழுவில் முக்கியமானவர். மற்ற இருவரும் அவருக்காகக் காத்திருக்க வேண்டும்.

காம்பஸைப் பார்க்கும் விதம் பழக நாளாகும். இரண்டு கண்ணையும் திறந்திருக்க வேண்டும். ஒரு கண் கருவிக்குள் சுழலும் எண்ணைப் படிக்கும், மறு கண் எதிர்ப்புள்ளியில் பிடித்திருக்கும் விளக்கைப் பார்க்கும், இரண்டும் மூளையில் ஒன்றின் மேல் ஒன்று படியும். படித்தவர் “நூற்றுப் பதினெட்டு” என்பார், எழுதுகிறவரும் “நூற்றுப் பதினெட்டு” என்று திருப்பிச் சொல்வார். திருப்பிச் சொல்லாத எண்ணை எழுதக் கூடாது. இருட்டில், முழங்காலில் நிற்கும்போது, பதினெட்டு எண்பதாகக் காதில் விழ ஒரு நொடி போதும்.

பிரிட்டிஷ் குகை ஆய்வுச் சங்கம் வகுத்த தர அளவுகளில் ஐந்தாம் தரத்துக்குக் கோணம் ஒரு டிகிரிக்குள்ளும் தூரம் 10 சென்டிமீட்டருக்குள்ளும் சரியாக இருக்க வேண்டும். அதைத்தான் நாங்கள் குறிவைத்தோம். முதல் நாளே 19 புள்ளிகளும் முடிந்தன. உங்கள் கணக்குப்படி அன்றே ஊர் திரும்பியிருக்கலாம்.

அன்று இரவு லாட்ஜில் கிராஃப் தாளை விரித்தோம். குகையின் நடுவில் வழி இரண்டாகப் பிரிந்து, ஒரு பாறைத் தூணைச் சுற்றி மறுபடி சேர்கிறது. அந்தச் சுற்று மொத்தம் 31 மீட்டர். எந்தப் புள்ளியில் தொடங்கினோமோ அதே புள்ளியில் பென்சில் வந்து முட்ட வேண்டும். முட்டவில்லை. கிட்டத்தட்ட ஒரு மீட்டர் தள்ளி நின்றது. குகை பொய் சொல்லாது, நாங்கள்தான் எங்கோ தவறியிருந்தோம். கூட்டலைச் சரிபார்த்தோம், கூட்டல் சரி. நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் எனக்கு நினைவு வந்தது. எட்டாம் புள்ளியிலிருந்து ஒன்பதுக்குப் படுத்துத்தான் போக வேண்டும். அங்கே காம்பஸின் எண் தெரியவில்லை என்று கைடார்ச்சை அதன் பக்கத்தில் பிடித்தது நான். அந்த டார்ச்சின் அடிப்பாகத்தில் காந்தம் இருக்கிறது, இரும்பில் ஒட்டவைப்பதற்காக. இடம் நெருக்கடி என்று ஒன்பதிலிருந்து எட்டைத் திருப்பிப் பார்த்துச் சோதிக்கவும் இல்லை. தவறு முழுக்க என்னுடையது. மறுநாள் காலை டார்ச் இல்லாமல் பார்த்தபோது அந்த ஓர் எண்ணில் ஒன்பது டிகிரி வித்தியாசம் இருந்தது. திருத்தியதும் சுற்று 12 சென்டிமீட்டரில் முடிந்தது.

நண்பரே, இரண்டாவது நாள் அந்த ஒரு எண்ணுக்காகத்தான் போனோம். ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் அந்த இரண்டாவது நாளில்தான் இருக்கிறது.

ஒன்பதாம் புள்ளியில் நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் அசையாமல் படுத்திருந்தேன். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் சுவர். முதல் நாள் அதே இடத்தை ஊர்ந்து கடந்திருக்கிறேன், அப்போது அது வெறும் சொரசொரப்பான சுவர். இப்போது வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததும், சுவர் முழுக்க விரல்கடை அகலத்தில் சின்னச் சின்னப் பள்ளங்கள் தெரிந்தன, யாரோ கரண்டியால் வழித்தெடுத்த மாதிரி. ஓடும் நீர் சுண்ணாம்புக்கல்லில் விடும் தடம் அது. பள்ளத்தின் ஒரு பக்கம் செங்குத்தாக இறங்கும், மறுபக்கம் சாய்வாக ஏறும். செங்குத்தான பக்கம்தான் நீர் வந்த பக்கம். பள்ளம் சிறியதாக இருக்கும் அளவுக்கு ஓட்டம் வேகமாக இருந்திருக்கிறது. விரலை அருகில் மட்டும் கொண்டுபோய்ப் பார்த்தேன், தொடவில்லை. எல்லாப் பள்ளங்களிலும் செங்குத்துப் பக்கம் குகையின் உட்பக்கமாகவே இருந்தது. அதாவது நீர் உள்ளிருந்து வாசலை நோக்கி வேகமாக வந்திருக்கிறது.

வாசலுக்கு வந்தபின் எங்கே போனது? இன்று அங்கே ஒன்பது மீட்டர் பள்ளம் இருக்கிறது. ஆனால் கூரை வட்டமாக, குழாய் போல வழவழப்பாக இருக்கிறதே. தண்ணீர் நிறைந்து, எல்லாப் பக்கமும் சமமாகக் கரைத்தால்தான் அப்படி ஆகும். பள்ளத்தின் உச்சியில் திறந்து கிடக்கும் குழாயில் தண்ணீர் எப்படி நிறையும்?

வாசலில் உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்தோம். முதல் நாள் பார்க்காமலா இருந்திருப்போம்? பார்த்தோம், கவனிக்கவில்லை. எதிர்ச்சுவரில், மலைத்தேனீக் கூடுகளுக்குக் கீழே, ஒரு கறுப்புத் துளை. சாய்வுமானியை அதன் மேல் வைத்தோம்: பூஜ்யம். 38 மீட்டர் அகல இடுக்கில் ஒரு டிகிரி பிசகினால் 66 சென்டிமீட்டர் ஏறும் அல்லது இறங்கும். பூஜ்யம் என்றால் ஏறத்தாழ ஒரே மட்டம். திசை 296. எங்கள் குகையின் கடைசி அளவு வாசலை நோக்கி 298. நான் காம்பஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அதே எண்.

எனக்குத் தோன்றியது இதுதான்: குகை மலையிடுக்கின் சுவரில் உண்டானதல்ல. குகைதான் மூத்தது. நிலத்தடி நீர் மேலே இருந்த காலத்தில் இந்தக் குழாய் இரண்டு பக்கமும் ஒன்றாக ஓடியது. பிறகு ஓடை மலையை அறுத்துக்கொண்டு இறங்கியபோது குழாயையும் நடுவில் வெட்டிவிட்டது. நாங்கள் வாசல் என்று நுழைந்தது ஒரு வெட்டுவாய். இதை எந்த வீடியோ சொல்லியிருக்கும்?

இதே கர்னூல் சீமையில், பேதம்செர்லா அருகே பில்லாசுர்கம் என்ற குகைக்கூட்டம் இருக்கிறது. அங்கேயும் ஆழ்ந்த இடுக்குகளின் சுவர்களில்தான் குகைவாய்கள். நியூபோல்ட் என்ற ராணுவ அதிகாரி 1844இல் அவற்றைப் பற்றி எழுதினார். 1880களில், கர்னூல் சென்னை மாகாணத்தில் இருந்த காலத்தில், ராபர்ட் புரூஸ் ஃபுட் அங்கே போனார். பல்லாவரத்தில் 1863இல் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தவர், பின்னாளில் ஏற்காட்டில் வாழ்ந்தவர், அவரேதான். அவரும் அவர் மகன் ஹென்றியும் குகைத் தரையைத் தோண்டி எடுத்த விலங்கெலும்புகளை லிடெக்கர் என்ற தொல்லுயிரியலாளர் ஆராய்ந்து எழுதினார். பேலம் குகை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதையும் ஃபுட் குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் அதன் நீளம் 3,229 மீட்டர் என்று உலகத்துக்குத் தெரிந்தது, 1982லும் 1983லும் கெபவர் என்ற ஜெர்மானியர் குழுவோடு வந்து டேப் பிடித்த பிறகுதான். பேலம் என்ற பெயரே பிலம் என்பதன் திரிபு என்பார்கள். நம் தமிழிலும் குகைக்கு அந்தச் சொல் உண்டு. கம்பன் கிட்கிந்தா காண்டத்தில் வானரர்கள் பிலத்துக்குள் புகுந்து வெளியேறுவதற்கென்றே ஒரு படலம் வைத்திருக்கிறான்.

சின்னக் குகைகளுக்கு கெபவர்கள் வருவதில்லை. பலகைக் கல்லுக்கும் சிமென்டுக்கும் மலை போகிறபோது, அங்கே ஒரு குகை இருந்தது என்று சொல்ல ஒரு தாளும் இருக்காது. பெரியவர் எங்களைச் சந்தேகப்பட்டது நியாயம்தான்.

உங்கள் பயணத்துக்கு வருகிறேன். மகனை அழைத்துப் போங்கள், ஆனால் முதல் தடவை அனுபவமுள்ள ஒருவரோடு போங்கள். ஆளுக்கு மூன்று விளக்கு, ஹெல்மெட், வெளியே இருக்கும் ஒருவரிடம் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்ற தகவல். மழை மேகம் தெரிந்தால் இடுக்குக்குள்ளேயே இறங்காதீர்கள். காற்றோட்டமில்லாத தாழ்ந்த மூலைகளில் கார்பன் டை ஆக்சைடு தேங்கும். யாருக்காவது தலை கனத்தாலோ மூச்சு வாங்கினாலோ பேசிக்கொண்டிராமல் எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். வௌவால் கூட்டமிருந்தால் அந்த அறையை விட்டுவிடுங்கள். குட்டியோடு இருக்கும் தாய்கள் கலைந்தால் குட்டிகள் விழும், காய்ந்த எச்சத்தூளில் நுரையீரலைப் பிடிக்கும் பூஞ்சையும் இருக்கக்கூடும். விழுது போலத் தொங்கும் சுண்ணப்படிவைத் தொட வேண்டாம். கையின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் அது பிறகு சரியாக வளராது. தரையைக் குச்சியால்கூடக் கிளறாதீர்கள். ஃபுட் தோண்டியது போன்ற தரை அங்கேயும் இருக்கலாம், அடுக்கு கலைந்தால் திரும்ப வைக்க முடியாது.

எந்த மலையிடுக்கு என்று நான் எழுதவில்லை, நீங்கள் கவனித்திருப்பீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், பெரியவரிடம் கொடுத்த வாக்கு அது.

இத்துடன் வரைபடத்தின் நகலை அனுப்புகிறேன். இடது ஓரத்தில், இடுக்கின் எதிர்ச்சுவரில், புள்ளிக்கோட்டால் ஒரு சின்ன வட்டமும் பக்கத்தில் கேள்விக்குறியும் பார்ப்பீர்கள். குகை வரைபடத்தில் கேள்விக்குறி என்றால் வழி இருக்கிறது, யாரும் போகவில்லை என்று பொருள். நாங்கள் சொல்வது சரியானால் அந்தத் துளையின் சுவர்ப்பள்ளங்களில் செங்குத்துப் பக்கம் இடுக்கின் பக்கமாக இருக்க வேண்டும். தேனீக்கள் இடம்பெயர்ந்து கூடு காலியாகும் பருவத்தில் கயிறு போட்டு இறங்கிப் பார்க்க வேண்டும். எப்போது காலியாகிறது என்று பெரியவர் சொல்லி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்.