ஹோர்ன் அடிக்க மாட்டேங்குதா? முதலில் எர்த்தைப் பார்ப்போம்

உடப்புசல்லாவைப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஹோர்ன் ஓர் அலங்காரச் சாமான் இல்லை. ராகலையிலிருந்து வரும் பாதையில் வளைவுக்கு வளைவு தேயிலை மலை பார்வையை மறைக்கிறது. வடகீழ்ப் பருவ மழையோடு மூட்டமும் இறங்கிவிட்டால், வளைவுக்கு அந்தப் பக்கம் கொழுந்து லொறி வருகிறதா, பாடசாலை விட்ட பிள்ளைகள் வருகிறார்களா என்று கண்ணால் பார்க்க முடியாது. நாம் வருவதை அவர்களுக்குச் சொல்ல ஹோர்ன் ஒன்றுதான் இருக்கிறது.

பழைய ஜீப்பையோ காரையோ பிரித்து, கிடைத்த பாகங்களைச் சேர்த்துத் தாங்களே கட்டி எடுக்கிறவர்களுக்கு ஹோர்ன் அடிக்கடி தலைவலி கொடுக்கும். எஞ்சின் ஓடும், லைட் எரியும், ஹோர்ன் மட்டும் "க்ளிக்" என்று நின்றுவிடும். உடனே புது ஹோர்ன் வாங்க ஓடுகிறோம். பல நேரம் அந்தக் காசு வீண். பழைய ஹோர்ன் நன்றாகத்தான் இருக்கும். பிழை வயரிலோ, மூட்டிலோ, எர்த்திலோ இருக்கும்.

ரிலே எதற்கு என்று முதலில் தெரிந்துகொள்வோம். இரண்டு ஹோர்ன் சேர்ந்து அடித்தால் 8 அம்பியர் அளவு மின்சாரம் இழுக்கும். ஸ்டியரிங்கில் உள்ள சின்னப் பட்டன் அதைத் தாங்காது, நாளாக நாளாகக் கருகிப் போகும். ஆகவே பட்டன் ரிலேக்குக் குரல் மட்டும் கொடுக்கிறது, சுமையை ரிலே தூக்குகிறது. ரிலேக்குள் இருக்கும் கொயிலுக்கு 0.2 அம்பியர்கூடத் தேவைப்படாது.

ரிலேயின் கால்களில் நம்பர் இருக்கும். 30க்கு பெட்டரியிலிருந்து பியூஸ் வழியாகக் கரண்ட் வரும். 87 ஹோர்னுக்குப் போகும். 85, 86 இரண்டும் கொயிலின் முனைகள். ஒன்றுக்குக் கரண்ட் கொடுத்து, மற்றதைப் பட்டனுக்குக் கொண்டு போனால், பட்டனை அமுக்கும்போது அது எர்த்தைத் தொடும். ஐந்து கால் ரிலேயில் நடுவில் 87ஏ என்று ஒன்று இருந்தால் கவனம். ஹோர்ன் வயரை அதில் மாட்டினால் பெட்டரி கொடுத்தவுடனே ஹோர்ன் கத்தத் தொடங்கிவிடும். கழற்றிய சாமான் கடையில் வாங்கும் ரிலேயில் நம்பர் அழிந்திருந்தால் மீட்டரை வைத்துப் பாருங்கள். நூறு ஓம் அளவில் காட்டும் இரண்டு கால்தான் கொயில்.

இனி பிழையைத் தேடுவோம். பியூஸ் நன்றாக இருந்தால், எஞ்சினை நிறுத்தி, ஒருவரைப் பட்டனை அமுக்கச் சொல்லி ரிலேயில் காதை வையுங்கள்.

"க்ளிக்" கேட்டால் பட்டன் பக்கம் சரி. ஹோர்ன் பக்கம் போவோம். பட்டனை அமுக்கியபடியே டெஸ்ட் பல்பின் ஒரு முனையை ஹோர்னின் கரண்ட் முனையிலும், மற்றதை பெட்டரியின் நெகட்டிவிலும் வையுங்கள். எரியாவிட்டால் 30க்குக் கரண்ட் வரவில்லை, அல்லது ரிலேயின் பொயிண்ட் கருகிவிட்டது, அல்லது 87இலிருந்து வரும் வயர் அறுந்திருக்கிறது. எரிந்தால், இரண்டாவது முனையை பெட்டரியிலிருந்து எடுத்து ஹோர்னின் எர்த்தில் வையுங்கள். அங்கே எரியவில்லையா? எர்த் இல்லை. வீட்டில் கட்டிய வண்டியில் இதுதான் அதிகம். பெயின்ட் அடித்த தகரத்தின் மேலேயே போல்ட்டை முறுக்கியிருப்போம். பெயின்ட் வழியாகக் கரண்ட் போகாது. பைபர் கிளாசில் ஹோர்னைப் பூட்டியிருந்தால் எர்த்தே கிடையாது. பிரிட்டனில் 1957 முதல் லோட்டஸ் செவன் காரைப் பாகம் பாகமாக வாங்கி வீட்டில் பூட்டினார்கள். அப்படிப் பூட்டினால் வரி குறைவு என்பதும் ஒரு காரணம். அங்கேயும் இங்கேயும் வைத்தியம் ஒன்றுதான்: ஹோர்னிலிருந்து செசிக்குத் தனியாக ஒரு கறுப்பு வயர்.

இங்கே பல்ப் நம்மை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. 5 வொட் பல்ப் அரை அம்பியர்கூட இழுக்காது. துருப்பிடித்த மூட்டில் அரை ஓம் தடை இருந்தாலும் அதற்குக் குறைவது 0.2 வோல்ட்தான், பளிச்சென்று எரியும். 4 அம்பியர் இழுக்கும் ஹோர்னுக்கோ அதே மூட்டில் 2 வோல்ட் போய்விடும். சத்தம் முனகலாக வரும், அல்லது வரவே வராது. பிரேக் லைட்டின் 21 வொட் பல்பால் சோதித்தால் ஓரளவு உண்மை தெரியும். அதற்கும் மேலே, ஹோர்னைக் கழற்றி தடித்த வயரால் நேரே பெட்டரியில் கொடுத்துப் பாருங்கள். அங்கே அடித்தால் ஹோர்னைக் குறை சொல்ல வேண்டாம்.

"க்ளிக்" கேட்கவே இல்லை என்றால், பட்டனிலிருந்து வரும் வயரைக் கழற்றி, அந்த ரிலேக் காலை ஒரு வயரால் எர்த்தில் தொடுங்கள். ரிலே வேலை செய்தால் பிழை ஸ்டியரிங் பக்கம். ஸ்டியரிங் கம்பியில் ரப்பர் மூட்டு இருந்தால் பட்டனுக்கு எர்த் கிடைக்காது. ரப்பரைத் தாண்டி ஒரு வளையும் வயர் போட வேண்டும். ரிலே அப்போதும் பேசாமலிருந்தால் கொயிலுக்குக் கரண்ட் வருகிறதா பாருங்கள். வந்தும் அசையாவிட்டால் ரிலேயை மாற்றத்தான் வேண்டும்.

ஹோர்ன் நிற்காமல் கத்தினால் பதற வேண்டாம், ரிலேயைப் பிடுங்குங்கள். பிறகு பட்டன் வயரைக் கழற்றிவிட்டு ரிலேயைத் திரும்ப மாட்டுங்கள். சத்தம் இல்லையென்றால் பட்டன் வயர் எங்கேயோ தகரத்தில் உரசுகிறது. மறுபடி கத்தினால் ரிலேயின் பொயிண்ட் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பழைய ஆங்கிலேயக் கார்களில் மண்ணிற வயர் பெட்டரியிலிருந்து நேரே வரும் கரண்ட், ஊதா பியூஸ் தாண்டிய கரண்ட், கறுப்பு எர்த். அவற்றில் பல பாசிட்டிவ் எர்த் வண்டிகள். பெட்டரி மாட்டுமுன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பியூஸ் எரிகிறது என்று சிகரட் பெட்டித் தாளைச் சுற்றி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பியூஸ் எரியாவிட்டால் வயர் எரியும், பக்கத்தில் பெற்றோல் குழாய் இருக்கிறது. 15 அம்பியர் பியூஸை பெட்டரிக்குக் கிட்டவே வையுங்கள். தகரத்தில் துளை போட்டு வயர் இழுக்கும் இடமெல்லாம் ரப்பர் வளையம் போடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் சத்தம் கரகரத்தால் ஹோர்னின் பின்னால் உள்ள ஸ்குரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்க்கலாம், ஒரு தடவைக்கு எட்டில் ஒரு பங்கு சுற்றுக்கு மேல் வேண்டாம். இந்த வேலைக்கு வண்டியை லயத்திலிருந்து கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோவோம். பெக்டரியில் நைட் வேலை முடித்து வந்தவர்கள் பகலில்தான் தூங்குகிறார்கள்.