கடன் புத்தகத்திலிருந்து தரவுத்தளத்திற்கு

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மளிகைக் கடைக்காரர்கள் பலர், ‘555’ என்னும் எண் அச்சிட்ட சிறிய குறிப்புப் புத்தகத்தில் கடன் கணக்கு எழுதி வந்தனர். வாடிக்கையாளர் வாங்கிய பொருளும் அதன் விலையும் அதில் குறிக்கப்படும். சம்பளம் கிடைத்ததும் வாடிக்கையாளர் கடைக்கு வந்து கணக்கைத் தீர்ப்பார். கூட்டலில் பிழை நேர்ந்தால் ஒருவருக்குப் பணம் நட்டமாகும். இருவருக்கும் இடையே உள்ள நம்பிக்கையும் குலையும்.

இன்று இத்தகைய கணக்குகளைக் கணினியில் வைத்துக்கொள்ள முடிகிறது. ஒழுங்குபடுத்திச் சேமிக்கப்பட்ட தகவல்களின் தொகுப்பே தரவுத்தளம் ஆகும். தகவல்களை அட்டவணைகளாகப் பிரித்து, அவற்றிடையே தொடர்பு ஏற்படுத்தும் முறையை ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் கோட் என்னும் அறிவியலாளர் 1970ஆம் ஆண்டு வெளியிட்டார். பின்னர், அம்முறையைச் சிறு வணிகர்களும் பயன்படுத்தும் வகையில் பல மென்பொருள்கள் வந்தன. 1992ஆம் ஆண்டு வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் அவற்றுள் ஒன்று. அட்டவணை, படிவம், வினவல், அறிக்கை ஆகியவற்றை ஒரே மென்பொருளில் உருவாக்க அது உதவுகிறது.

இம்மென்பொருளின் பொத்தான்களைப் பழகிக்கொள்வது கடினமன்று. கடையில் நடக்கும் வேலையைச் சரியாகப் புரிந்துகொண்டு, அதற்கேற்பத் தரவுத்தளத்தை வடிவமைப்பதே கடினம்.

அட்டவணைகளைப் பிரித்தல்

புதிதாகக் கற்பவர் பெரும்பாலும் எல்லாத் தகவல்களையும் ஒரே அட்டவணையில் போட்டுவிடுவார். ஒவ்வொரு விற்பனைக்கும் வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி எண், வாங்கிய பொருள், விலை என எல்லாவற்றையும் மீண்டும் மீண்டும் தட்டச்சு செய்வார். இங்குதான் சிக்கல் தொடங்குகிறது. ‘லட்சுமி’ என்னும் பெயரை ஒரு பணியாளர் ‘லெட்சுமி’ என்றும் மற்றொருவர் ‘இலட்சுமி’ என்றும் எழுதலாம். மூன்றும் ஒருவரின் பெயரே என்பது மனிதருக்குத் தெரியும். கணினியோ அவர்களை மூன்று பேராகவே கருதும். ஒருவரது கடன் மூன்று இடங்களில் சிதறிவிடும். ஒரே பெயருடைய இருவர் இருந்தால், இருவர் கடனும் ஒன்றாகிவிடும்.

ஆகவே, வாடிக்கையாளருக்கு ஓர் அட்டவணை, பொருளுக்கு ஓர் அட்டவணை, விற்பனைக்கு ஓர் அட்டவணை எனப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி எண் ஒன்று கொடுக்கப்படும். இதனை முதன்மைச் சாவி என்பர். விற்பனை அட்டவணையில் பெயருக்குப் பதிலாக இந்த எண்ணே இடம்பெறும். பெயரும் தொலைபேசி எண்ணும் ஓரிடத்தில் மட்டுமே இருக்கும். தொலைபேசி எண் மாறினால் ஓரிடத்தில் திருத்தினாலே போதும்.

ஒரு விற்பனையில் அரிசி, பருப்பு, எண்ணெய் எனப் பல பொருள்கள் இருக்கும். அதே அரிசி வேறு பல விற்பனைகளிலும் இருக்கும். எனவே, எந்த விற்பனையில் எந்தப் பொருள் எத்தனை வாங்கப்பட்டது என்பதைக் குறிக்க ‘விற்பனை விவரம்’ என்னும் மற்றோர் அட்டவணையும் தேவைப்படுகிறது.

விலை மாறும்போது

பொருளின் விலையைப் பொருள் அட்டவணையில் மட்டும் வைத்தால் போதுமா? ஒரு மூட்டை அரிசி 26 ரிங்கிட்டாக இருந்தபோது ஒருவர் கடனாக வாங்கினார் எனக் கொள்வோம். அடுத்த மாதம் அதன் விலை 28 ரிங்கிட்டாக உயர்கிறது. பொருள் அட்டவணையில் விலையைத் திருத்தியவுடன், அவரது பழைய கடனும் 28 ரிங்கிட்டாக மாறிவிடும்! அவர் ஒப்புக்கொண்ட விலை அதுவன்று.

இன்றைய விலை வேறு. விற்ற நாளின் விலை வேறு. இவை இரண்டும் தனித்தனித் தகவல்கள். ஆகையால், விற்ற நாளின் விலையை விற்பனை விவரத்தில் பதிவு செய்ய வேண்டும்.

கணினி சுட்டிக்காட்டாத பிழை

வாடிக்கையாளர் செலுத்தும் பணமும் தனி அட்டவணையில் பதிவாகும். மொத்த விற்பனையிலிருந்து செலுத்திய பணத்தைக் கழித்தால் நிலுவைத் தொகை கிடைக்கும். இக்கணக்கைச் செய்து தருவது வினவல் ஆகும்.

ஒருவர் 20, 30, 50 ரிங்கிட் என மூன்று முறை கடன் வாங்கினார். 40, 25 ரிங்கிட் என இருமுறை பணம் செலுத்தினார். மொத்தக் கடன் 100, செலுத்தியது 65, நிலுவை 35 ரிங்கிட். ஆனால், விற்பனையையும் செலுத்திய பணத்தையும் ஒரே வினவலில் நேரடியாக இணைத்துவிட்டால், ஒவ்வொரு விற்பனையும் இரண்டு செலுத்தல்களோடும் சேர்ந்து ஆறு வரிகளாகும். அப்போது கடன் 200 எனவும் செலுத்தியது 195 எனவும் கணக்கிடப்படும். நிலுவை 5 ரிங்கிட் என்றே திரையில் தோன்றும். கடைக்காரருக்கு 30 ரிங்கிட் நட்டம்.

இங்குக் கணினி எந்த எச்சரிக்கையும் தராது. கேட்ட கேள்விக்கு அது சரியாகவே பதில் சொன்னது, கேள்விதான் தவறானது. விற்பனையைத் தனியாகவும் செலுத்திய பணத்தைத் தனியாகவும் முதலில் கூட்டிக்கொண்டு, பிறகு கழிப்பதே சரியான முறை. இத்தகைய பிழையைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி, சில வாடிக்கையாளர்களின் கணக்கைக் கையால் போட்டு ஒப்பிட்டுப் பார்ப்பதாகும்.

சோதனையும் பொறுப்பும்

செயலி உருவானதும் பழைய புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிடக்கூடாது. ஒரு மாத காலமாவது புத்தகத்திலும் கணினியிலும் கணக்கை எழுதி, மாத இறுதியில் இரண்டும் ஒத்துப்போகின்றனவா எனப் பார்க்க வேண்டும். நாள்தோறும் தரவுத்தளத்தின் நகலை வேறோர் இடத்தில் சேமித்து வைக்க வேண்டும். கணினி பழுதானாலும் கணக்கு அழியாமல் இருக்க இதுவே வழி.

மேலும், யார் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்பது பிறர் அறியத் தகாத செய்தி. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மலேசியாவில் 2010ஆம் ஆண்டிலும் சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டது. கடவுச்சொல் அமைப்பதும், தேவையற்ற தகவல்களைக் கேட்காமல் இருப்பதும் செயலியை உருவாக்குபவரின் கடமைகளாகும்.

555 புத்தகத்தில் ஒரு பிழை நேர்ந்தால் ஒரு வாடிக்கையாளரின் கணக்கு மட்டுமே தவறாகும். செயலியில் ஒரு வினவல் பிழையானால் அனைவரின் கணக்கும் தவறாகிவிடும். ஆகவே, வணிகச் செயலிகளை உருவாக்கக் கற்பவர் நிரல் எழுதும் திறனோடு, கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுமையையும், தம் வேலையைத் தாமே சோதித்துப் பார்க்கும் நேர்மையையும் வளர்த்துக்கொள்ள வேண்டும்.