ஓநாய்க் கலப்பு நாய் காவலுக்கு உதவுமா?

தாம்பரத்துக்குத் தென்மேற்கே முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை வரையிலும், தென்கிழக்கே அகரம்தென், மதுரப்பாக்கம் பக்கத்திலும் கொஞ்சம் நிலமும், இரண்டு மூன்று கறவை மாடும், பத்து ஆடும் வைத்துப் பிழைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். சுற்றிலும் வீட்டு மனைகள் பெருகிவிட்ட இடம் இது. இரவில் ஆடு களவு போவது, தெரு நாய்கள் பட்டியில் புகுந்து குட்டிகளைக் குதறுவது, கிணற்று மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போவது எனத் தொல்லைகள் பல. இதற்கெல்லாம் நல்ல காவல் நாய் ஒன்று வேண்டும் என்று நினைப்பது நியாயமே. ஆனால் சாதாரண நாயைவிட ஓநாய் ரத்தம் கலந்த நாய் பலமானது, அதைக் கண்டால் திருடன் கிட்டவே வரமாட்டான் என்ற பேச்சை நம்பிப் பணத்தைக் கொட்டுவதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாயும் ஓநாயும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் 78 குரோமோசோம்கள். இரண்டும் இணைந்தால் குட்டி பிறக்கும். அந்தக் குட்டியும் வளர்ந்து இனப்பெருக்கம் செய்யும். கோவேறு கழுதையைப் போல மலடாகப் போவதில்லை. காட்டிலும் இது தானாக நடப்பதுண்டு. மராட்டிய மாநிலம் புனே மாவட்டத்தில் ஓநாய்க் கூட்டத்தில் காணப்பட்ட வித்தியாசமான நிறமுள்ள பிராணி, நாயும் ஓநாயும் கலந்து பிறந்தது என்று மரபணு ஆராய்ச்சியில் தெரியவந்ததை 2023-ல் அறிவித்தார்கள்.

மனிதர்கள் வேண்டுமென்றே கலந்து பார்த்த கதைகளும் உண்டு. ஹாலந்து நாட்டில் சார்லூஸ் என்பவர், ஜெர்மன் ஷெப்பர்டு நாய்கள் வரவர வலுக்குறைந்து போகின்றன என்று எண்ணி, 1930-களில் ஆண் நாயொன்றைப் பெண் ஓநாயுடன் சேர்த்தார். வேலைக்கு உகந்த, வீரமான நாய் கிடைக்கும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. கிடைத்ததோ வேறு. குட்டிகள் வளர்ந்து, புது ஆளைக் கண்டால் பாய்வதற்குப் பதில் ஒதுங்கி ஓடின. செக்கோஸ்லோவாக்கியாவிலும் 1955-ல் எல்லைக் காவல் படைக்காக இப்படிக் கலப்புச் செய்தார்கள். முதல் தலைமுறைக் குட்டிகளைப் பழக்குவது பெரும்பாடாக இருந்தது. மீண்டும் மீண்டும் நாயுடனேயே சேர்த்து, ஓநாய் ரத்தத்தைக் குறைத்த பிறகுதான் உபயோகமான நாய்கள் வந்தன.

காவலுக்கு நாய் தேடும் விவசாயி முதலில் மனதில் வைக்க வேண்டியது இதுதான். ஓநாய் ரத்தம் தைரியத்தைக் கூட்டுவதில்லை, பயத்தைத்தான் கூட்டுகிறது. காட்டில் ஓநாய் உயிர் பிழைத்திருப்பதே மனிதனைக் கண்டு விலகுவதால்தான். வேலியோரம் நின்று குரைத்து ஊரைக் கூட்டுவது நாயின் குணம். ஓநாய் அதிகம் குரைப்பதில்லை. இரவில் ஊளையிடும், அக்கம்பக்கத்து வீட்டார் காலையில் சண்டைக்கு வருவார்கள்!

அதற்காக அந்தப் பிராணியிடம் நல்லதே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பார்வைக்குக் கம்பீரமானது. மோப்ப சக்தி, செவி, சலியாத நடை எல்லாம் உயர்வானவை. குட்டியிலிருந்து வளர்த்த ஒருவரிடம் மட்டும் உயிரையே வைத்திருக்கும். தாழ்ப்பாளைத் திறக்கக் கற்றுக்கொள்ளும் அளவுக்குப் புத்தி உண்டு. வேறு தொழில் இல்லாமல் நாள் முழுதும் அதனுடன் இருக்கக்கூடியவர்கள், உயரமான வேலி போட்ட பெரிய இடம் உள்ளவர்கள், வெளிநாடுகளில் இதைப் பிரியமாக வளர்க்கிறார்கள். பால் கறந்து, புல் அறுத்து, கீரைக் கட்டைச் சந்தைக்குக் கொண்டுபோகிற குடும்பத்துக்கு அந்த வசதி ஏது?

ஓநாய்க் குட்டி மனிதனோடு பழகும் பருவம் மிகக் குறுகியது. நாய்க்குட்டிக்கு ஏறத்தாழ நான்கு வாரத்தில் தொடங்கும் பருவம், ஓநாய்க்கு இரண்டு வாரத்திலேயே, கண் சரியாகத் தெரியாத நிலையிலேயே, தொடங்கி சீக்கிரம் முடிந்துவிடும். கலப்புக் குட்டி எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில் ஒன்று நாயாகவும் இன்னொன்று ஓநாயாகவும் நடந்துகொள்ளும். ஒரு வயது வரை சாதுவாக இருந்தது, இரண்டு வயதை நெருங்கிப் பருவம் எய்தியதும் சொல்பேச்சுக் கேட்காமல் போவதுண்டு. அப்போது அதை வாங்கிக்கொள்ள ஆள் கிடைக்காது.

ஆடு, கோழி உள்ள வீட்டில் ஆபத்து இன்னும் அதிகம். துள்ளி ஓடும் ஆட்டுக்குட்டியைக் கண்டதும் துரத்திக் கடிப்பது ஓநாயின் பிறவிக் குணம். அடித்துத் திருத்த முடியாது. ஓடிப்போகும் சிறு குழந்தையையும் அது அதே கண்ணால் பார்க்கக்கூடும். ஆறடி வேலியைத் தாண்டும். தாண்ட முடியாவிட்டால் அடியில் பள்ளம் பறித்து வெளியேறும். பக்கத்து வீட்டு ஆட்டைக் கொன்றால் நஷ்டஈடு யார் தருவது?

தீனி விஷயமும் யோசிக்கத் தக்கது. மனிதனோடு பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்ததால், சோறு, கூழ் போன்ற மாவுப் பொருளைச் செரிக்கும் சக்தி நாய்க்கு வந்திருக்கிறது. இதற்கான மரபணு நாயிடம் பல மடங்கு பெருகியிருப்பதாக 2013-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. ஓநாயிடம் அந்தப் பெருக்கம் இல்லை. ஆகவே பழையதும் மோரும் ஊற்றி நாட்டு நாயை வளர்ப்பதுபோல இதை வளர்க்க இயலாது. இறைச்சி வாங்கிக் கட்டுப்படி ஆகாது. குளிர் நாட்டுக் கலப்பினங்களுக்கு அடர்ந்த இரட்டை ரோமம் வேறு. அக்கினி நட்சத்திர வெயிலில் அவை படும்பாடு பார்க்கச் சகிக்காது.

வெறிநோய்த் தடுப்பூசி நாய்களிடம் சோதித்து அனுமதிக்கப்பட்டது. அமெரிக்காவில் ஓநாய்க் கலப்பு நாய்க்கென்று அனுமதி பெற்ற வெறிநோய்த் தடுப்பூசி கிடையாது. நாய் கடித்தால் அதைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்கும் முறையையும் கலப்புப் பிராணிக்கு நம்ப முடியாது. தெரு நாய்கள் நிறைந்த புறநகரில் இது சின்ன விஷயமல்ல.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இந்திய ஓநாய் முதல் அட்டவணையில் உள்ளது. அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. நம் பக்கத்தில் நரியையும் ஓநாயையும் ஒன்றாகப் பேசும் வழக்கம் இருக்கிறது. கிண்டிப் பூங்காக் காட்டில் இருப்பது நரியே, ஓநாய் அல்ல. நரிக்குட்டி புதரோரம் கிடைத்தாலும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. கலப்பு நாய்களைப் பொறுத்தவரை, 2024 மார்ச்சில் மத்திய கால்நடைத் துறை, ஓநாய் நாய் உள்பட 23 வகை நாய்களை இறக்குமதி செய்வதற்கும் விற்பதற்கும் தடை விதிக்குமாறு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசவில்லை என்று கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே அதை ரத்துச் செய்தது. வழக்கு எப்படியானாலும், எந்த நாயை வளர்ப்பதானாலும் உள்ளாட்சி அலுவலகத்தில் உரிம விவரத்தைக் கேட்டறிந்துகொள்வதே முறை.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. பெங்களூரில் நாய் வளர்ப்பாளர் ஒருவர் 50 கோடி ரூபாய்க்கு ஓநாய் நாய் வாங்கியதாக 2025-ல் பத்திரிகைகளில் படத்தோடு செய்தி வந்தது. ஏப்ரல் மாதம் அமலாக்கத் துறையினர் வீட்டைச் சோதனையிட்டபோது, அவ்வளவு தொகை கைமாறியதற்கு அடையாளமே இல்லை. வாய்க்கு வந்ததெல்லாம் விலையாகிற வியாபாரம் இது. சாம்பல் நிற ரோமமும் நிமிர்ந்த காதும் உள்ள ஏதோ ஒரு கலப்புக் குட்டியை ஓநாய் வாரிசு என்று காட்டினால், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

சரி, காவலுக்கு எதை வளர்ப்பது? தமிழ்நாட்டிலேயே நல்ல இனங்கள் இருக்கின்றன. இவற்றைக் காக்க அரசு 1980-81-ல் சைதாப்பேட்டையில் நாய் இனப்பெருக்கப் பிரிவைத் தொடங்கியது. 2005-ல் ராஜபாளையம் நாய்க்குத் தபால் தலையே வெளியிட்டார்கள். வீட்டுக் காவலுக்கு ராஜபாளையமும் கோம்பையும் ஏற்றவை. கோம்பைக்குக் கோபம் கொஞ்சம் அதிகம், குழந்தைகள் உள்ள வீட்டில் கவனம் தேவை. சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்தும் வேட்டை நாய்கள். கோழி உள்ள இடத்தில் அவற்றைக் குட்டியிலேயே பழக்காவிட்டால் தொல்லைதான். வெள்ளை ராஜபாளையம் குட்டிகளில் சில செவிடாகப் பிறக்கும். பின்னால் நின்று கைதட்டி, திரும்புகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். காசு செலவழிக்க இயலாதவர்கள் தெருவில் பிறந்த நாட்டுக் குட்டியை எடுத்து வளர்த்தாலும் குறைவில்லை. நம் வெயிலுக்கும் நம் சோற்றுக்கும் பழகிய உடம்பு அது.

எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. வாங்கி வந்ததும் இரவில் ஆட்டுப் பட்டிக்குள், பெரிய ஆடுகள் முட்டாதபடி சிறு தடுப்பு கட்டி, அங்கேயே படுக்கவிட வேண்டும். ஆட்டின் வாடையோடு வளர்ந்த நாய் ஆட்டைத் தன் கூட்டமாக எண்ணும். குட்டிகளைத் துரத்தி விளையாடுகிற பழக்கத்தை முதல் நாளே அதட்டி நிறுத்துவது அவசியம். பூச்சி மருந்தை மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தரமும், பிறகு மருத்துவர் சொல்படியும் கொடுக்கலாம். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, அதன்பின் ஆண்டுதோறும்.

எந்த நாய் கடித்தாலும், அது சொந்த நாயாகவே இருந்தாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதையும் வைத்துக் கட்டாமல் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசியைத் தொடங்கி, சொன்ன தேதிகளில் தவறாமல் முடிக்க வேண்டும். நாய் வளர்ப்பில் சந்தேகம் உள்ளவர்கள் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ அணுகலாம். ஆடு, மாடு பற்றிய ஆலோசனைக்குக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது.