செம்மரம் வெட்டப் போனவரை அரசு ஏன் காக்க வேண்டும்?

கேள்வி: எங்கள் ஜவ்வாது மலையிலிருந்து ஆந்திராவுக்குச் செம்மரம் வெட்டப் போனவர்கள் 2015-ல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ‘திருடப் போனவர்களை அரசு எதற்குக் காப்பாற்ற வேண்டும்?’ என்று பலர் கேட்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது?
- வாசகர், ஜமுனாமரத்தூர்

பதில்: 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் கொல்லப்பட்டவர்கள் 20 பேர். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்த ஏழைத் தொழிலாளிகள். கல்லாலும் கோடாரியாலும் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது ஆந்திரப் போலீஸ். தங்களோடு வந்தவர்களைப் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள். எது உண்மை என்று துப்பாக்கி பிடித்தவரே தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. அதற்குத்தான் நீதிமன்றம் இருக்கிறது.

சட்டம் வகுத்த நடைமுறைப்படி அன்றி யாருடைய உயிரையும் பறிக்கக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு. நல்லவர், கெட்டவர் என்று அது ஆள் பார்ப்பதில்லை. இந்தியக் குடிமக்கள் அல்லாத சக்மா அகதிகளின் உயிரையும் காப்பது அரசின் கடமை என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

தப்பி ஓடுபவரைப் பிடிக்கப் போலீஸ் பலத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாத ஒருவரைக் கைது செய்கிறேன் என்று கொல்ல உரிமை இல்லை. அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46-வது பிரிவு இதைச் சொன்னது. இன்றைய சட்டத்திலும் இது இருக்கிறது. மரம் வெட்டிய குற்றத்துக்கு அந்தத் தண்டனைகள் கிடையாது. தற்காப்பு என்றால் அதை நிரூபிக்க வேண்டும். என்கவுன்ட்டர் சாவுகளை வழக்காகப் பதிந்து, சுதந்திரமாக விசாரிக்க வேண்டும் என்று 2014-லேயே உச்ச நீதிமன்றம் விதி வகுத்துவிட்டது.

அறத்தின் பக்கம் நின்று பார்த்தாலும் இதே முடிவுதான். நாம் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு, தண்டிக்கும் அதிகாரத்தை அரசிடம் கொடுத்திருக்கிறோம். விசாரித்துத்தான் தண்டிப்பேன் என்ற வாக்குறுதியை நம்பிக் கொடுத்த அதிகாரம் அது. அந்த வாக்கை மீறினால், அரசுக்கும் அடியாளுக்கும் வேறுபாடு இல்லை.

வாச்சாத்தி கிராமத்தை நினைத்துப் பாருங்கள். 1992-ல் சந்தனக் கட்டை தேடிப் போன வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறையினர் அங்கிருந்த மலைவாழ் மக்களை அடித்து நொறுக்கினார்கள். 18 பெண்களை வன்புணர்வு செய்தார்கள். 2011-ல் கீழ் நீதிமன்றம் அந்த ஊழியர்களைத் தண்டித்தது. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்து, அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடும் வழங்கச் சொன்னது. முப்பது வருடமானாலும் அரசு ஊழியர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அரசின் கடமை சுடாமல் இருப்பதோடு முடிவதில்லை. சாமையும் கேழ்வரகும் வருடம் முழுக்கச் சோறு போடாத வீட்டுக்குத்தான் புரோக்கர் முன்பணத்தோடு வருகிறார். மலையில் வேலையும் நில உரிமையும் கிடைக்கச் செய்வதும், ஆள் பிடிப்பவரை முதலில் பிடிப்பதும் அரசின் பொறுப்பே.

உங்கள் ஊரில் யாராவது ஆந்திராவில் கைதானால், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட்டாரா என்று கேளுங்கள். பழங்குடியினருக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுங்கள். உரிமை மீறல் நடந்தால் ஒரு வருடத்துக்குள் மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் அனுப்பிவிடுங்கள். அந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள்.