6.2 என்றால் ஆறரை: சி ப்ரோகிராமில் ஆப்ஷன்களைப் பிரிப்பது

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் வீடு இருக்கிறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். ஃபினிஷிங் முடிஞ்ச தோலை அளவு மெஷினில் விட்டதும், அதன் சதைப் பக்கத்தில் எத்தனை சதுர அடி என்று குறிப்பார்கள். 6 என்று போட்டு அதன் தலைக்கு மேல் சின்னதாக 2 இருந்தால், அது ஆறு புள்ளி இரண்டு இல்லை. ஆறும், நாலில் ரெண்டு பங்கும். அதாவது ஆறரை. சின்ன எண் 1 என்றால் கால், 3 என்றால் முக்கால்.

என் மாமா ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் கணக்குப் பார்க்கிறார். அங்கே கூலி சதுர அடிக்கு இவ்வளவு என்றுதான். போன வருஷம் செமஸ்டர் லீவில் போனபோது, "டேய், காலேஜ்ல கம்ப்யூட்டர்தானே படிக்கிற, இந்தக் கூட்டலுக்கு ஏதாவது பண்ணிக் குடேன்" என்றார். எனக்கு ஒரே பெருமை. அன்னிக்கு ராத்திரியே அறுபது வரியில் ஒரு சி ப்ரோகிராம் எழுதிட்டேன். ஃபைலில் வரிக்கு ஒரு தோல். தலைக்கு மேல் எண்ணை டைப் பண்ண முடியாது, அதனால் 6.2 என்று அடிக்கணும். சும்மா ஓட்டினால் 6.2 தசம எண். '-கே' என்று ஆப்ஷன் கொடுத்தால் கால் கணக்கு. (இங்கே 'கே' என்பது கீபோர்டில் இருக்கும் ஆங்கில எழுத்து. கால் என்பதற்காக வைத்தேன்.)

நான் டெஸ்ட் பண்ணினது இப்படி:

./தோல் -கே சீட்டு

மாமா அடிச்சது இப்படி:

./தோல் சீட்டு -கே

அவ்வளவுதான் வித்தியாசம். என் ஃபார் லூப் ஆர்க்வி-யில் ஒவ்வொரு சொல்லாகப் போகும். ஹைஃபனில் ஆரம்பிக்காத முதல் சொல்லைப் பார்த்ததும் 'சரி, ஃபைல் வந்தாச்சு' என்று பிரேக் ஆகிவிடும். பின்னாடி இருந்த '-கே'வை அது பார்க்கவே இல்லை. எரரும் இல்லை. ஒரு டோட்டலை அழகாக பிரிண்ட் பண்ணியது.

எவ்வளவு குறைஞ்சது? .1 என்பது .25 ஆகணும், அதில் 0.15 போச்சு. .2-க்கு 0.30, .3-க்கு 0.45. முழு அடியில் நஷ்டம் இல்லை. நாலு வகையும் சமமாக வந்தால் தோலுக்கு சராசரி 0.225 சதுர அடி. அன்னிக்கு 240 தோல். 54 சதுர அடிக்குக் கூலி காணோம்! சீட்டு சரக்கோடு போயாச்சு. மாமா நோட்டில் கட்டுக்கட்டாகக் கையால் கூட்டி வைத்திருந்ததால் ராத்திரி கண்டுபிடிச்சார். மறுநாள் திருத்திய சீட்டு அனுப்பி, போனில் விளக்கம் சொல்லி, அவர்தான் மன்னிப்புக் கேட்டார். என்னிடம் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "தப்புன்னா அது ஏன்டா வாயைத் திறந்து சொல்லல?"

அதுக்கப்புறம்தான் கெட்ஆப்ட் பற்றி உருப்படியாகப் படித்தேன். லேப்பில் ஆர்க்சி, ஆர்க்வி வரை சொல்லித் தருவார்கள், இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். இது பழைய ஃபங்ஷன். ஏடி அண்ட் டி நிறுவனம் 1985-இல் டல்லாஸில் நடந்த யூனிஃபோரம் மாநாட்டில் இதன் சோர்ஸ் கோடைப் பொதுவில் விட்டது. இப்போ போசிக்ஸ் தரத்தில் இருக்கிறது, யுனிஸ்டிடி ஹெடரைச் சேர்த்தால் போதும்.

அதற்கு மூன்று விஷயம் கொடுக்கணும்: ஆர்க்சி, ஆர்க்வி, அப்புறம் ஒரு ஸ்டிரிங். அந்த ஸ்டிரிங்கில் நமக்கு வேண்டிய ஆப்ஷன் எழுத்துகள் இருக்கும். ஒரு எழுத்துக்குப் பின்னால் கோலன் வைத்தால் அந்த ஆப்ஷனுக்கு ஒரு மதிப்பு வரணும் என்று அர்த்தம். என் ப்ரோகிராமில் கே-வுக்கு மதிப்பு கிடையாது. யு என்பது அலகு, சதுர அடியா சதுர டெசிமீட்டரா என்று சொல்ல. அதற்கு மதிப்பு வேணும். (1 சதுர அடி 9.290304 சதுர டெசிமீட்டர்.) ஆக ஸ்டிரிங்: கே, யு, கோலன். ஒயில் லூப்பில் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொரு ஆப்ஷன் எழுத்தாகத் திருப்பித் தரும். மதிப்பு ஆப்ட்ஆர்க் என்ற பாயின்டரில் இருக்கும். முடிந்ததும் -1. தெரியாத எழுத்து வந்தால் கேள்விக்குறி.

ஸ்டிரிங்கின் முதல் எழுத்தாகவும் ஒரு கோலன் போடுங்க. போட்டால் இரண்டு மாற்றம்: கெட்ஆப்ட் தானாக எரர் மெசேஜ் பிரிண்ட் பண்ணாது, மதிப்பு விட்டுப்போனால் கேள்விக்குறிக்குப் பதில் கோலனைத் திருப்பித் தரும். எது தெரியாத ஆப்ஷன், எது மதிப்பு இல்லாத ஆப்ஷன் என்று பிரித்து, நம்ம மெசேஜை நாமே தமிழில் எழுதலாம். தப்பான எழுத்து எதுன்னு ஆப்ட்ஆப்ட்-இல் இருக்கும்.

இதில் நான் மாட்டிய இடங்களைச் சொல்றேன்.

திருப்பி வரும் மதிப்பை கேர் வேரியபிளில் வாங்காதீங்க, இன்ட்டில்தான் வாங்கணும். என் லேப்டாப்பில் கேர் வைத்தும் நல்லா ஓடியது. ராஸ்பெர்ரி பை-யில் போட்டதும் நிற்கவே இல்லை. ஆர்ம் லினக்ஸில் வெறும் கேர் என்பது அன்சைன்ட். -1 உள்ளே போனதும் 255 ஆகிவிடும், லூப் முடியாது. முக்கால் மணி நேரம் போர்டு மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்தது, '-யு -கே' என்று அடித்தால் என்ன ஆகும்? மதிப்பு விட்டுப்போச்சு என்று கெட்ஆப்ட் சொல்லாது. '-கே' என்பதையே யு-வின் மதிப்பாக எடுத்து விழுங்கிவிடும். அதனால் ஆப்ட்ஆர்க்கில் வந்தது நமக்குத் தெரிந்த அலகுதானா என்று ஸ்டர்கம்ப் வைத்துப் பார்க்கணும், இல்லையென்றால் வெளியே.

மாமா அடித்த வரிசைக்கு வருவோம். லினக்ஸின் க்னூ சி லைப்ரரி ஆர்க்வி-யின் வரிசையை மாற்றி, ஃபைல் பெயர்களைக் கடைசிக்குத் தள்ளிவிடும். எனவே '-கே' பின்னால் வந்தாலும் பிடித்துவிடும். ஆனால் மேக்கில் அப்படி இல்லை, என் பழைய லூப் மாதிரியே முதல் ஃபைல் பெயரில் நின்றுவிடும். இதற்கு ஒரு வரி காவல் இருக்கு: லூப் முடிந்ததும் ஆப்ட்இண்ட் என்பது மீதிச் சொற்கள் எங்கே ஆரம்பிக்கின்றன என்று காட்டும். ஆர்க்சி-யில் அதைக் கழித்தால் சரியாக 1 வரணும். மேக்கில் மாமாவின் வரிக்கு 2 வரும். உடனே நிறுத்திடலாம். எனக்குக் கேட்டால் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான வரி இதுதான்.

தமிழில் ஆப்ஷன் வைக்கலாமா என்று ஆசை வரும். 'அ' யூடிஎஃப்-8-இல் மூன்று பைட். கெட்ஆப்ட் ஒவ்வொரு பைட்டாகப் பார்ப்பதால் '-அ' அடித்தால் மூன்று தெரியாத ஆப்ஷன் என்று திட்டும். ஆனால் கெட்ஆப்ட்-லாங் முழுச் சொல்லை ஒப்பிடும், அதனால் '--அலகு=அடி' நிஜமாகவே வேலை செய்யுது, முயற்சி பண்ணிப் பாருங்க! ஒகரக் குறி உள்ள சொல்லை மட்டும் தவிர்த்துடுங்க. 'கொ' எழுத்தை ஒரே குறியாகவும் அடிக்கலாம், இரண்டு குறியாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, பைட் வேறு. மாமா சிரிச்சுட்டு, "எனக்கு அந்த ஒத்தை எழுத்தே போதும்டா" என்றார். இப்போ ஹெல்ப் மெசேஜ் மட்டும் தமிழில்.

டிஃபால்ட்டையும் எடுத்துட்டேன். கால் கணக்குக்கு கே, தசமத்துக்கு டி. இரண்டில் ஒன்று கட்டாயம். இரண்டும் வந்தாலும், ஒன்றும் வராவிட்டாலும் எஸ்டிடிஎர்-இல் எழுதிவிட்டு எக்ஸிட் ஃபெய்லியர். எண்ணைப் படிக்க ஏடுஎஃப் கிடையாது, அது குப்பை எழுத்தைப் பார்த்தாலும் 0 என்று தந்துவிட்டுப் போகும். ஸ்டர்டோல் எந்த இடத்தில் நின்றது என்று எண்ட் பாயின்டரில் சொல்லும். புள்ளிக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை ஓட்டி, கால் கணக்கில் புள்ளிக்குப் பின் 3-க்கு மேல் வந்தால் வரி எண்ணோடு நிறுத்துகிறேன். எதிர்ப்பக்கமும் ஒரு சந்தேகம் வைத்திருக்கேன்: டி கொடுத்து, ஃபைல் முழுக்கப் புள்ளிக்குப் பின் 0 முதல் 3 வரை மட்டுமே இருந்தால், 'இது கால் கணக்கா?' என்று கேட்கும்.

போன வாரம் மாமா ஃபைலில் ஒரு தோலை 5.4 என்று அடித்துவிட்டார். 117-ஆவது வரி என்று சொல்லி ப்ரோகிராம் நின்றுவிட்டது. கட்டைப் பிரித்துப் பார்த்தார், தோலில் இருந்தது 5-க்கு மேல் 1.